ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றுவிடும் இன்ஸ்டாலர்: பழைய கணினியில் விளையாட்டை நிறுவ முடியவில்லை

கேள்வி

வணக்கம். என் தந்தை பயன்படுத்தி வந்த பழைய மேசைக் கணினியில் ஒரு விளையாட்டை நிறுவுவதற்கு மூன்று நாட்களாக முயன்று வருகிறேன். ஒரு முறைகூட வேலை முழுமையாக முடியவில்லை. கணினியின் விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டெல் கோர் 2 டுயோ ஈ7400 பிராசசர், 4 ஜிபி டிடிஆர்2 ரேம், 1 ஜிபி நினைவகம் கொண்ட தனி கிராஃபிக்ஸ் கார்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், சர்வீஸ் பேக் 1 சேர்க்கப்பட்ட 64 பிட் விண்டோஸ் 7. விளையாட்டு 2012ஆம் ஆண்டுவாக்கில் வந்தது. அது கேட்கும் குறைந்தபட்சத் தகுதிகள் அனைத்தும் இந்தக் கணினியில் இருக்கின்றன. முறைப்படி பணம் கொடுத்து வாங்கி, விற்பவர்களின் தளத்திலிருந்தே இறக்கிக்கொண்டேன். ஒரு சிறிய இன்ஸ்டாலர் கோப்பும், அதனுடன் சேர்ந்த மூன்று பெரிய கோப்புகளுமாக மொத்தம் ஏறத்தாழ 11 ஜிபி வருகிறது.

இன்ஸ்டாலர் ஒழுங்காகத் தொடங்குகிறது, பச்சைப் பட்டை நகர்கிறது. பிறகு மூலக் கோப்பு பழுதடைந்துள்ளது என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டி நின்றுவிடுகிறது. முதல்நாள் 41 விழுக்காட்டில் நின்றது. இறக்கியதில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ணி, இரவெல்லாம் விட்டு மறுபடியும் முழுவதையும் இறக்கினேன். இரண்டாம் முறை 67 விழுக்காடு வரை போய் நின்றது. மூன்றாம் முறை எதையும் மாற்றாமல், அதே கோப்புகளைக் கொண்டே முயன்றபோது 58இல் நின்றது. இணையத்தில் உலாவுவது, பாட்டுக் கேட்பது, கடிதம் தட்டச்சு செய்வது போன்ற மற்ற வேலைகள் எல்லாம் எந்தக் குறையும் இல்லாமல் நடக்கின்றன. விடுமுறைக்கு வரும் தங்கையோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்று ஆசையாக வாங்கியது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று யாராவது வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

வணக்கம் நண்பரே. இத்தகைய பழைய கணினிகளில் நான் வழக்கமாகப் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். சி டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். விளையாட்டை வேறு டிரைவில் நிறுவினாலும், இன்ஸ்டாலர் தற்காலிகக் கோப்புகளைப் பெரும்பாலும் சி டிரைவில் உள்ள டெம்ப் ஃபோல்டரில்தான் விரித்துவைக்கும்; அங்கே இடம் தீர்ந்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும். கோப்புகளைப் பென் டிரைவிலிருந்து ஓடவிடாமல் ஹார்ட் டிஸ்க்கிற்கு நகலெடுத்த பிறகு ஓடவிடுங்கள். பாதை நீளமாக இருக்க வேண்டாம். டி டிரைவில் ஒரு சிறிய பெயருள்ள ஃபோல்டர் போதும். இன்ஸ்டாலரின் மேல் வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள். அந்த நேரத்திற்கு மட்டும் ஆன்டிவைரஸை நிறுத்திவையுங்கள்.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றால், விண்டோஸை அடியோடு புதிதாக நிறுவிவிடுவதே மேல். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே, எப்படியும் மாற்றவேண்டிய ஒன்றை இப்போதே மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையும் அதோடு போய்விடக்கூடும்.

இரண்டாம் மறுமொழி

முந்தைய நண்பர் சொன்ன சோதனைகள் சரியானவையே. டெம்ப் ஃபோல்டரில் இடமில்லாமல் நின்றுபோன இன்ஸ்டாலர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் விண்டோஸைப் புதிதாக நிறுவும் யோசனையைத் தயவுசெய்து இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

41, 67, 58 என்று நீங்கள் குறித்துவைத்த மூன்று எண்கள்தான் இங்கே உண்மையான தடயம். இறக்கிய கோப்பில் ஓரிடம் கெட்டிருந்தால், இன்ஸ்டாலர் எத்தனை முறை ஓடினாலும் அந்த இடத்தை எட்டியவுடன்தான் நிற்கும். இன்று 58இல் நிற்கும் கோப்பு நாளையும் 58இல்தான் நிற்க வேண்டும். இடப் பற்றாக்குறை, அனுமதிச் சிக்கல், 32 பிட்டா 64 பிட்டா என்ற பொருத்தமின்மை ஆகியவற்றையும் இதே அளவுகோலால் பார்க்கலாம்: அவை ஏறக்குறைய ஒரே இடத்தில் தடுக்கும் அல்லது தொடங்கவே விடாது. அதே கோப்புகளுக்கு நிற்கும் இடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால், கெட்டது பெரும்பாலும் கோப்பு அல்ல. அதைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும் பொருள்தான் தவறு செய்கிறது. முதல் ஐயம் ரேம் மேல். அடுத்ததாகத்தான் ஹார்ட் டிஸ்க்கும், அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளும்.

மற்ற வேலைகள் நன்றாக நடக்கும்போது ரேம் எப்படிக் கெட்டிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இன்ஸ்டாலருக்குள் இருப்பவை இறுக்கிச் சுருக்கப்பட்ட தரவுகள். அவற்றை விரிப்பதற்கு அது ரேமில் ஒரு பெரிய பரப்பை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. இலேசான வேலைகள் எட்டாத மூலை முடுக்குகளுக்கும் அப்போது தரவு போய்வருகிறது. விரித்த ஒவ்வொரு பகுதியும் சரியாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்த்துச் சரிபார்க்கவும் செய்கிறது. ஒரு பாட்டிலோ படத்திலோ ஒரு பிட், அதாவது தரவின் மிகச் சிறிய அலகு, தலைகீழாக மாறினால் உங்கள் காதும் கண்ணும் அதைக் கவனிக்காமல் போகலாம். இன்ஸ்டாலர் அப்படி விட்டுவிடாது. அதாவது, கோளாறு கணினி முழுவதற்கும் உரியது, அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது இந்த விளையாட்டு. இந்த நிலையில் விண்டோஸைப் புதிதாக நிறுவினால், அதன் கோப்புகளும் இதே ரேம் வழியாகத்தான் ஹார்ட் டிஸ்க்கிற்குப் போகும். இன்றைக்குச் சரியாக இருக்கும் விண்டோஸும் அதோடு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

என் ஊகத்தைச் சரிபார்க்க, எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. செர்ட்யூட்டில் என்ற கட்டளை விண்டோஸ் 7இலேயே அடங்கியிருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, அதன் ஹாஷ்ஃபைல் வசதியைக் கொண்டு, மூன்று கோப்புகளில் பெரியதற்கு எஸ்எச்ஏ256 மதிப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். எண்ணும் எழுத்துமாக 64 குறிகள் கொண்ட ஒரு வரி வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முற்றிலும் வேறாகிவிடும். அதே கோப்புக்கு, எதையும் தொடாமல், மூன்று முறை கணக்கிட்டு மூன்று வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு சிறியதாக இருந்தால் விண்டோஸ் அதை ரேமிலேயே வைத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் மறுபடி மறுபடி அதையே கொடுத்துவிடும் என்பதால்தான் பெரியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். மூன்று வரிகளும் ஒன்றாக இருந்தால், விற்பவர்கள் தரும் மதிப்போடு அல்லது வேறொரு கணினியில் இறக்கிய அதே கோப்பின் மதிப்போடு ஒப்பிட வேண்டும். ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால், ஒப்பிடுவதற்கே அவசியம் இல்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சி டிரைவில் 60 ஜிபிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது. ஆன்டிவைரஸை நிறுத்தியும், அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கியும் பார்த்தேன். இந்த முறை 49இல் நின்றது.

பிறகு நீங்கள் சொன்னபடி, 3.9 ஜிபி அளவுள்ள இரண்டாவது கோப்பின் மதிப்பைக் கணக்கிட்டேன். முதல் முறை வந்த வரி 7193 என்று முடிந்தது. இரண்டாம் முறை 0482 என்று முடிந்தது. நான்தான் வேறு கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டேனோ என்று ஐயுற்று, மேலம்பை அழுத்தி அதே கட்டளையையே மீண்டும் இயக்கினேன். மூன்றாம் முறை 7193 என்றே வந்தது. இன்னும் ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று செய்த நான்காவதில் முற்றிலும் புதிதாக வேறொன்று வந்தது. ஒரே கோப்பு, ஒரே கட்டளை, இருபது நிமிடத்திற்குள் மூன்று விடைகள்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். முன்பே சொல்லியிருக்க வேண்டியது. இந்தக் கணினியில் முதலில் 2 ஜிபி ரேம்தான் இருந்தது. விளையாட்டுக்குப் போதாது என்பதால், சென்ற மாதம், ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய 2 ஜிபி ரேம் ஒன்றை வாங்கி இரண்டாவது ஸ்லாட்டில் பொருத்தினேன். பழையது 667 மெகாஹெர்ட்ஸ், புதிதாகச் சேர்த்தது 800. வேகம் வேறு வேறாக இருப்பதுதான் காரணமா?

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

வேக வேறுபாடு மட்டும் காரணமாக இருக்காது. இரண்டு வேகங்கள் கலந்திருந்தால் மதர்போர்டு இரண்டையும் குறைந்த வேகத்திற்கே, அதாவது 667க்கே, இறக்கி ஓட்டும். ஆனால் சென்ற மாதம் ஒன்றைச் சேர்த்தீர்கள் என்பது தேடும் இடத்தைப் பெரிதும் குறுக்கிவிட்டது.

அடுத்துச் செய்யவேண்டியது முறையான ரேம் சோதனை. விண்டோஸுக்குள்ளேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற ஒன்று இருக்கிறது; ஆனாலும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குவதையே நான் விரும்புவேன். அது விண்டோஸ் இல்லாமல் தானே ஓடுவதால் ஏறத்தாழ முழு ரேமையும் தொட்டுப் பார்க்கும். பிழை கண்டால் அந்த முகவரியைச் சிவப்பில் காட்டும். இந்த வயதுள்ள கணினியில் ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஒரே சுற்றில் பிழை வரவில்லை என்பதற்காக நிறுத்திவிடாமல், இரவில் தொடங்கிக் காலையில் பாருங்கள். சூடேறிய பிறகு மட்டும் பிழை செய்யும் ரேம்களும் உண்டு.

இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் எது கெட்டது என்று தெரியாது. ஆகவே ஒவ்வொன்றாகப் போடுங்கள். மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே ரேமைத் தொடுங்கள். இரு முனைகளிலும் உள்ள வெள்ளைக் கவ்விகளை வெளிப்புறமாகச் சாய்த்தால் ரேம் தானாக மேலெழும். தங்க நிறப் பட்டைகள் மங்கியிருந்தால், பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகள்களைத் துடைத்துவிடுங்கள். ரேம் நன்றாகவே இருந்து, பட்டையில் படிந்த அழுக்கு மட்டும் தொல்லை கொடுப்பதும் உண்டு. திரும்பப் பொருத்தும்போது இரண்டு கவ்விகளும் தாமாகவே வந்து பூட்டிக்கொள்ளும் ஓசை கேட்க வேண்டும். ஒரு ரேமில் பிழை வந்தால், அதே ரேமை மற்ற ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் பிழை என்றால் ரேம் கெட்டது. ஒரு ஸ்லாட்டில் மட்டும் என்றால் மதர்போர்டைத்தான் ஐயப்பட வேண்டும்.

மூன்றாம் மறுமொழி

இடையே நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஏறக்குறைய இதே தொல்லைதான். 1997இல் வந்த ஒரு விளையாட்டின் குறுந்தகடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 64 பிட் விண்டோஸ் 10இல் அதன் செட்டப் கோப்பை அழுத்தினால், இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்று உடனே சொல்லிவிடுகிறது. நானும் ரேமைச் சோதிக்க வேண்டுமா?

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

வேண்டாம் அம்மா, உங்களுடையது வேறு. தொடங்கவே மறுப்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மறுப்பதும் பொருத்தமின்மையின் அடையாளம். அந்தக் காலத்தில் விளையாட்டு 32 பிட்டாக இருந்தாலும், அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருப்பது மிகப் பரவலான வழக்கம். 64 பிட் விண்டோஸ் எதுவும் 16 பிட் செயலிகளை இயக்காது. 32 பிட் விண்டோஸ் 10 அவற்றை இயக்கும். அந்த வரிசையில் 32 பிட் பதிப்பு வந்த கடைசி விண்டோஸும் அதுதான். கணினிக்குள் இன்னொரு கணினி போல் இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றை நிறுவி, அதற்குள் பழைய 32 பிட் விண்டோஸ் ஒன்றை அமைத்து, குறுந்தகட்டை அதில் ஓடவிட்டுப் பாருங்கள். நிறுவி முடிந்த ஃபோல்டரை அப்படியே வெளியே எடுத்து வைத்தால், சில விளையாட்டுகள் 64 பிட் விண்டோஸில் நேரடியாகவே ஓடுவதும் உண்டு.

கேள்வி கேட்டவர்

சோதனை முடிந்தது. பழைய 667 ரேமைத் தனியாகப் போட்டு இரவு முழுவதும் ஓடவிட்டதில் ஒரு பிழைகூட இல்லை. சென்ற மாதம் வாங்கியதைத் தனியாகப் போட்டபோது, முதல் சுற்றின் பாதியிலேயே திரையில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. பட்டைகளைத் தேய்த்துத் துடைத்து, இன்னொரு ஸ்லாட்டுக்கு மாற்றினேன். மறுபடியும் சிவப்பு வரிகள்தான், அதுவும் ஏறக்குறைய அதே முகவரிகளில். அதைக் கழற்றி ஓர் உறையில் போட்டு, பழுது என்று மேலே எழுதி வைத்துவிட்டேன்.

பழைய 2 ஜிபியோடு மட்டும் கணினியைத் தொடங்கி, இரண்டாவது கோப்பின் மதிப்பை மீண்டும் கணக்கிட்டேன். மூன்று முறையும் ஒரே வரி வந்தது. மகிழ்ச்சியோடு இன்ஸ்டாலரை இயக்கினால், 23 விழுக்காட்டில் அதே செய்தியோடு நிற்கிறது. மறுபடி இயக்கினேன், மீண்டும் 23. இதுவரை ஒரு முறைகூட அங்கே நின்றதில்லை என்பதால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

மனம் தளர வேண்டாம். இந்த 23 நல்ல செய்திதான். இப்போது நிற்கும் இடம் மாறவில்லை, அதாவது கணினி உண்மை சொல்லத் தொடங்கிவிட்டது. இந்தக் கோப்புகளை நீங்கள் இறக்கியபோது கெட்ட ரேம் உள்ளே இருந்தது அல்லவா? வந்த தரவு அதன் வழியாகத்தான் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டது. ஆகவே முதல் கோப்பில் ஓரிடம் எழுதும்போதே கெட்டிருக்க வேண்டும். இத்தனை நாளும் அந்த இடத்தை எட்டியபோது இன்ஸ்டாலர் எப்படித் தாண்டிப் போனது என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. நீங்கள் கோப்புகளை இடையில் வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். முதல் மறுமொழியில் சொன்னபடி டி டிரைவுக்கு நகலெடுத்திருந்தால், அந்த நகலும் கெட்ட ரேம் வழியாகவே போயிருக்கும்.

எப்படியானாலும் அந்த நகலை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இப்போதுள்ள ரேமோடு புதிதாக இறக்குங்கள்.

இதைவிட முதன்மையான ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ரேம் கணினிக்குள் இருந்த ஒரு மாதத்தில் நீங்கள் நகலெடுத்த, சேமித்த, திருத்திய எல்லாக் கோப்புகளும் இதே ஐயத்துக்கு உரியவை. தொலைபேசியிலிருந்து படங்களை மாற்றியிருந்தால், மூலங்களை அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். பழைய காப்பு நகல்களின் மேல் இந்த மாதத்து நகல்களை எழுதிவிடாதீர்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எஃப்சி கட்டளையை ஸ்கேன்நவ் என்ற சொல்லோடு கொடுங்கள். கெட்டவற்றை அதுவே கண்டு, தன்னிடமுள்ள நல்ல பிரதியைக் கொண்டு மாற்ற முயலும். விளையாட்டை மறுபடியும் இறக்குவது ஓர் இரவு வேலை, படங்கள் போனால் திரும்பாது. ஆகவே அதை முதலில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மறுமொழி எழுதியவர்

விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொன்ன என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்; கெட்ட ரேமோடு அதைச் செய்திருந்தால் நண்பருக்கு இன்னும் பெரிய துன்பமாகியிருக்கும்.

ஒரு சிறு குறிப்பு. நிறுவி முடிந்ததும், டி3டிஎக்ஸ்9_43 என்ற டிஎல்எல் கோப்பு இல்லை என்று விளையாட்டு சொல்லக்கூடும். அந்தக் காலத்து விளையாட்டுகளில் இது வழக்கமானது. டிஎல்எல் கோப்புகளைத் தனியாகக் கொடுக்கும் தளங்களின் பக்கம் போகாமல், விளையாட்டுகள் படத்துக்கும் ஒலிக்கும் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் என்ற மென்பொருளின், மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட தொகுப்பை நிறுவினால் போதும். விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி கேட்டவர்

ஆம் ஐயா, முதல் மறுமொழியைப் படித்த அன்றே டி டிரைவுக்கு நகலெடுத்திருந்தேன். 49இல் நின்றது வரை பழைய ஃபோல்டரிலிருந்தும், 23இல் நின்றது இந்த நகலிலிருந்தும்தான். இரண்டு ஃபோல்டர்களிலும் உள்ள முதல் கோப்பின் மதிப்புகளை ஒப்பிட்டேன், ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரண்டையும் அழித்துவிட்டேன்.

புதிதாக இறக்கிய கோப்புகளைக் கொண்டு நேற்றிரவு நிறுவினேன். 2 ஜிபியோடு மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் 23ஐயும் 41ஐயும் தாண்டி இறுதிவரை போனது. டைரக்ட்எக்ஸ் பற்றிய செய்தி நீங்கள் சொன்னபடியே வந்தது. விளையாட்டின் ஃபோல்டரில் இருந்த தொகுப்பை நிறுவியதும் முகப்புத் திரை வந்துவிட்டது. எஸ்எஃப்சி சோதனையில் விண்டோஸ் கோப்புகள் சரியாக இருப்பதாகவே தெரிந்தது.

படங்களை இன்று காலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். சென்ற மாதம் தொலைபேசியிலிருந்து மாற்றிய 312 படங்களில் இரண்டு கெட்டிருந்தன. ஒன்றில் மேற்பாதி தெளிவாக இருக்க, கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறப் பட்டையாகியிருந்தது. மற்றதில் தந்தையின் தோளுக்குக் கீழே நிறங்கள் ஒரு பக்கமாக விலகி, படமே கோணலாகக் கிழிந்தது போல் நின்றது. இரண்டின் மூலமும் தொலைபேசியில் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தன. அவற்றை மறுபடியும் நகலெடுத்து, திறந்து பார்த்து, மதிப்பும் கணக்கிட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.